நெரிசலில் மட்டும் சூடேறும் 1999 டொயோட்டா டாஸ்: ஹெட் காஸ்கெட் போய்விட்டதா, நானே பார்க்கலாமா?

மெரீபேங்க்_மருமகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டர்பனுக்குத் தெற்கே மெரீபேங்க்கில் குடியிருக்கிறேன். காலமான என் தாய்மாமாவின் 1999ஆம் ஆண்டு டொயோட்டா டாஸ் 130 வண்டியை மாமி என் பொறுப்பில் விட்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. 2,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. உடம்பில் பெரிய துருவில்லை, கியர் சுத்தமாக விழுகிறது, காலையில் முதல் திருகலிலேயே எஞ்சின் பற்றிக்கொள்கிறது.

சிக்கல் சூட்டில்தான் இருக்கிறது. என்2 நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் எவ்வளவு தூரம் போனாலும் வெப்பமானியின் முள் நடுவைத் தாண்டுவதில்லை. மாலையில் இசிப்பிங்கோ பக்கத்து நெரிசலில் ரோபோட்டுக்கு ரோபோட் (போக்குவரத்து விளக்குதான்) நின்று வரும்போது மட்டும் பத்தே நிமிடங்களில் முள் முக்கால் அளவுக்கு ஏறிவிடுகிறது. ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டால் சற்று இறங்குகிறது. வாரத்திற்கு ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் ரேடியேட்டரில் குறைகிறது. ஆனால் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் புட்டி எப்போதும் நிரம்பியே இருப்பது எனக்கு விளங்கவில்லை. மாமா கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவம்) ஊற்றியதாகத் தெரியவில்லை, உள்ளே இருப்பது செம்பழுப்பான குழாய்த்தண்ணீர்.

ஒரு பட்டறையில் காட்டினேன். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் அடியில் படிந்திருந்த மஞ்சள் கலந்த வெண்மையான பசையைப் பார்த்ததும், வேறெதையும் சோதிக்காமல், எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் இடையே அடைப்பாக இருக்கும் ஹெட் காஸ்கெட் போய்விட்டது, கழற்றி மாட்ட 14,000 ரேண்டு ஆகும் என்றார்கள். வண்டியின் விலையே அதைவிட அவ்வளவு கூடுதலாக இருக்காது, பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுங்கள் என்றும் சொன்னார்கள். எண்ணெய், பிளக், பிரேக் பேடு ஆகியவற்றை நானே மாற்றிப் பழகியிருக்கிறேன். அதற்கு மேல் எஞ்சினைத் தொட்டதில்லை. இது உண்மையிலேயே ஹெட் காஸ்கெட்தானா, அப்படியானால் வீட்டு முற்றத்தில் நானே அந்த வேலையைச் செய்யலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


டோங்காட்_பழைய_பட்டறை எழுதியது:

தம்பி, வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஹெட் காஸ்கெட் போயிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் அதற்கான சான்று ஒன்றுகூட இல்லை. எண்ணெய் மூடியில் பசை படிவதற்கு நம் கடற்கரையின் ஈரக்காற்றும், எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்துவிடும் குறுகிய ஓட்டங்களும் போதும். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். எண்ணெய் பாலூற்றிய தேநீர் போலக் கலங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அது தெளிவாக இருந்து மூடியில் மட்டும் பசை இருந்தால், அது வெறும் நீராவி படிந்ததே.

எப்போது சூடேறுகிறது என்பதே பாதி விடையைத் தந்துவிடும். வேகமாக ஓடும்போது காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்துவிடுவதால் விசிறி சுழன்றாலும் சுழலாவிட்டாலும் வித்தியாசம் தெரியாது. நிற்கும்போது விசிறி ஒன்றுதான் துணை. ஆகவே நெடுஞ்சாலையில் குளிர்ச்சியாக ஓடி நெரிசலில் மட்டும் ஏறும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது விசிறியையும் அதன் சுவிட்சையும். இதற்கு மாறாக, நெரிசலில் ஒழுங்காக இருந்து மேட்டிலும் வேகத்திலும் சூடேறினால், அடைத்துப்போன ரேடியேட்டர், தேய்ந்த தண்ணீர் பம்பு, உறிஞ்சும்போது உட்புறமாகச் சப்பிப்போகும் கீழ் ஹோஸ் என்று சந்தேகம் வேறு திசையில் போகும்.

விசிறியைச் சோதிக்கும் முறை எளிது. அந்தக் காலத்து டொயோட்டாக்கள் பலவற்றில் விசிறிச் சுவிட்சு தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது மூடிய நிலையில் இருக்கும். தண்ணீர் 90 பாகையைத் தாண்டும்போது அது திறந்துகொள்ள, ரிலே (விசிறிக்கு மின்சாரம் விடும் மின்காந்தச் சுவிட்சு) விடுபட்டு விசிறி சுழலும். ஒயர் அறுந்துபோனாலும் விசிறி ஓடி எஞ்சினைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். எனவே சாவியை ஆன் நிலையில் வைத்து, எஞ்சினை இயக்காமல், சுவிட்சின் ஒயரைக் கழற்றுங்கள். விசிறி உடனே சுழன்றால் விசிறி மோட்டாரும் ரிலேயும் ஃப்யூஸும் நல்ல நிலையில் உள்ளன, சுவிட்சுதான் கெட்டது என்று பொருள். சுழலாவிட்டால் பேட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். விரலையும் சட்டைக் கையையும் விசிறியிலிருந்து தள்ளியே வைத்திருங்கள்.

புட்டி நிரம்பியிருந்தும் ரேடியேட்டர் குறைவதாக எழுதியிருந்தீர்கள், அதை நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. பெரியது சூட்டில் பெருகும் தண்ணீரைப் புட்டிக்குத் தள்ளுகிறது. நடுவிலுள்ள சிறியது எஞ்சின் குளிரும்போது அதே தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. சிறிய வால்வின் ரப்பர் காய்ந்து போனால் போன தண்ணீர் திரும்பி வராது. புட்டிக்குப் போகும் மெல்லிய குழாயில் விரிசல் இருந்தாலும் காற்றைத்தான் இழுக்கும். இருபத்தைந்து வயது மூடியைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம், புதியது வாங்குங்கள்.

ஹெட் காஸ்கெட் சந்தேகத்தைத் தீர்க்கவும் வழி இருக்கிறது. இரவு முழுதும் ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்துவரை நிரப்பி, எஞ்சினை இயக்கிச் சில நிமிடங்கள் பாருங்கள். தொடக்கத்தில் வரும் ஓரிரு குமிழிகள் தேங்கிய காற்றாக இருக்கலாம். நிற்காமல் சீராகக் குமிழிகள் வந்துகொண்டே இருந்தால்தான் சிலிண்டரின் அழுத்தம் தண்ணீருக்குள் புகுகிறது. உதிரிப்பாகக் கடைகளில் நீல நிறத் திரவத்துடன் ஒரு சோதனைக் குழாய் விற்கிறார்கள். ரேடியேட்டர் கழுத்தின் ஆவியை அதன் வழியே இழுக்கும்போது எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளவெடுத்து, அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருக்கின்றனவா என்றும் பார்க்கலாம். இந்த மூன்றில் எதையும் செய்யாமல் ஒருவர் 14,000 ரேண்டு கேட்டால் கொடுக்காதீர்கள். என் பட்டறைக்கும் எத்தனையோ வண்டிகள் ஏற்கெனவே ஹெட் கழற்றி மாட்டப்பட்டும் சூடு தணியாமல் வந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றில் மூல நோய் விசிறியிலோ ரேடியேட்டரிலோதான் இருந்தது.

ஒன்றை மட்டும் கட்டாயமாகச் சொல்கிறேன். எஞ்சின் சூடாக இருக்கும்போது எந்தக் காரணத்திற்காகவும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், முள் முக்காலைத் தாண்டிய பிறகு வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டிக்கொண்டும் வராதீர்கள். அலுமினிய ஹெட் வளைவதற்கு ஒரே ஒரு முறை கொதித்தால் போதும். இன்று நல்ல நிலையில் இருக்கும் காஸ்கெட்டை அடுத்த வாரம் நீங்களே கெடுத்துவிடக்கூடாது.


பீனிக்ஸ்_சிட்டி_கோல்ஃப் எழுதியது:

ஐயா சொன்னது அனைத்தும் சரி. அத்துடன் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். இதைப் படிக்கும் மற்றவர்கள் தங்கள் வண்டியில் அதே சோதனையைச் செய்து தவறான முடிவுக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். என்னிடம் இருப்பது யூட்டன்ஹாக்கில் செய்த ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப். அந்த வகை வண்டியில் விசிறிச் சுவிட்சு ரேடியேட்டரின் பக்கவாட்டில் திருகப்பட்டிருக்கும், அது தலைகீழாக வேலை செய்யும்: குளிரில் திறந்திருந்து சூட்டில் மூடும். ஆகவே கோல்ஃபில் ஒயரைக் கழற்றினால் விசிறி சுழலாது; கழற்றிய ஒயர்களைச் சிறு கம்பியால் ஒன்றோடொன்று இணைத்தால்தான் சுழலும். இது தெரியாமல் நான் நல்ல விசிறி மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புதியது வாங்கியிருக்கிறேன். கெட்டிருந்தது ஒரு சிறு சுவிட்சு மட்டுமே.

அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது தண்ணீர் சூடேறும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடியிருந்து பிறகு திறக்கும் வால்வு. டர்பனில் பனி விழுவதில்லை, எனவே தெர்மோஸ்டாட்டே வேண்டாம் என்று அதைப் பிடுங்கி எறிந்துவிடும் பழக்கம் நம்மவரிடையே பரவலாக இருக்கிறது. உங்கள் மாமாவின் வண்டியிலும் அது இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள், சகோதரரே. அது இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வருவதற்கு நெடுநேரம் ஆகிறது, கார்புரேட்டர் வண்டி கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கிறது, உங்கள் எண்ணெய் மூடியில் இருப்பது போன்ற பசையும் படிகிறது. ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் பைபாஸ் வழியை அடைக்கும் தட்டு சேர்ந்த தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சின்களில் இன்னொரு கேடும் உண்டு: தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடப்பதால், தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே எஞ்சினுக்குள் சுற்றிச்சுற்றி வரும், சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடும்.

பழைய தெர்மோஸ்டாட் இருந்தால் அடுப்பங்கரையிலேயே சோதிக்கலாம். சமையலுக்குப் பயன்படுத்தாத பாத்திரம் ஒன்றில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை அடியைத் தொடாதபடி நூலில் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானி வையுங்கள். அதன் மேல் 82 என்று பொறித்திருந்தால் 82 பாகையை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும், 95 பாகையில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டும். மாட்டும்போது அதன் விளிம்பிலுள்ள சிறிய ஆடும் வால்வு மேற்புறமாக வரட்டும், உள்ளே சிக்கிய காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும்.

குழாய்த்தண்ணீரை இனி ஊற்றாதீர்கள். கூலன்ட் என்பது பனிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணுகிறார்கள். நமக்கு அதில் முதன்மையானது துருத்தடுப்பு. வார்ப்பிரும்புப் பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் ஒரே தண்ணீரில் நனைந்திருக்கும் எஞ்சினில் வெறும் தண்ணீர் இரண்டையும் அரிக்கிறது. நீங்கள் பார்க்கும் செம்பழுப்பு நிறம் பிளாக்கின் துருவேதான். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் அழுத்தமே இல்லாத நிலையிலும் 107 பாகை அளவில்தான் கொதிக்கும். வடித்த பழையதைத் தட்டில் விட்டு வைக்காதீர்கள். இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு அது, நாய்களும் குழந்தைகளும் நக்கிவிடும் ஆபத்து உண்டு.

விற்றுவிட்டு வேறொன்று வாங்குங்கள் என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. உங்கள் டாஸ், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள ப்ராஸ்பெக்டன் ஆலையில் பிறந்த வண்டி. 1996 முதல் 2006 வரை அங்கே செய்தார்கள், அதற்கு முந்தைய காங்க்வெஸ்டின் பாகங்கள் பலவும் அதற்குப் பொருந்தும், அதனால் பழைய உதிரிப்பாக யார்டுகளில் தேடினால் கிடைக்கும். அந்த வரலாறு தெரிந்த வண்டியைக் கொடுத்துவிட்டு வரலாறு தெரியாத ஒன்றை வாங்குவது இப்போது நம் ஊரில் ஆபத்தானது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்த ஆலையே மூழ்கியதை நாம் பார்த்தோம். வீதிகளில் மூழ்கிய வண்டிகளும் ஏராளம். வாங்கியே ஆக வேண்டுமென்றால் இருக்கைப் பட்டையை முழுநீளத்துக்கும் இழுத்துச் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பாருங்கள், இருக்கைகளின் அடி போல்ட்டுகளில் துருவைத் தேடுங்கள், பதிவுச் சான்றிதழில் பயன்படுத்திய வண்டிக்குரிய குறியீடு 2 இருக்கிறதா அல்லது மீண்டும் கட்டியெழுப்பிய வண்டிக்குரிய 3 இருக்கிறதா என்று பாருங்கள்.


லெனேசியா_வாசி எழுதியது:

ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ரேடியேட்டர் மூடி சிறு பொருள் என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காக ஒரு கணக்கைச் சொல்கிறேன். கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். 1,500 மீட்டருக்கு மேல் உயரத்திலுள்ள எங்கள் ஊரில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட் முழுதாகத் திறப்பதோ 95 பாகையில். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைக்காவிட்டால், தெர்மோஸ்டாட் முழுதாகத் திறப்பதற்கு முன்பே எங்கள் ஊரில் வெறும் தண்ணீர் கொதித்துவிடும் என்பதைக் கவனியுங்கள். 0.9 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் அதே தண்ணீர் இங்கே 115 பாகை அளவிலும் உங்கள் கரையில் 118 பாகை அளவிலும்தான் கொதிக்கும். டர்பனில் தட்டுத்தடுமாறி ஓடிய வண்டிகள் வான் ரீனன்ஸ் கணவாய் ஏறி இங்கே வந்ததும் கொதிப்பதை உறவினர் வண்டிகளில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஹெட் வேலையை முற்றத்தில் செய்யலாமா என்ற கேள்விக்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை. நான் செய்திருக்கிறேன், ஆனால் முதல் முறையாகச் செய்பவருக்கு, தனியாகச் செய்யுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. கழற்றுவது ஒரு நாள் வேலைதான். ஹெட் போல்ட்டுகளை வெளியிலிருந்து உட்புறமாகப் படிப்படியாகத் தளர்த்த வேண்டும், மாட்டும்போது நடுவிலிருந்து வெளியே, கையேட்டில் அந்த எஞ்சினுக்குச் சொன்ன முறுக்கு அளவில், முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சைக் கொண்டு சில கட்டங்களாக இறுக்க வேண்டும். வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் பெல்ட்டின் குறிகளை ஒரு பல் தவறாமல் பொருத்த வேண்டும். இவை பொறுமையால் வரும். பொறுமையால் வராதது ஹெட்டின் தட்டைத்தன்மை: நேர்விளிம்புப் பட்டையை வைத்து இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைக்கும்போது 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் அதை இஞ்சினியரிங் கடைக்குக் கொண்டு போய்ச் சமப்படுத்தி, விரிசலுக்கான அழுத்தச் சோதனையும் செய்தே ஆக வேண்டும். அந்தச் செலவைச் சேமிப்பதற்காகப் பழைய ஹெட்டைத் துடைத்துவிட்டு அப்படியே மாட்டியவர்கள் மறுபடியும் கழற்ற நேர்கிறது.


மெரீபேங்க்_மருமகன் எழுதியது:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் லெனேசியா அண்ணாவுக்கும் என் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை காலை தொடங்கி ஞாயிறு மாலை வரை நீங்கள் சொன்னவற்றைச் செய்து பார்த்தேன்.

டிப்ஸ்டிக்கில் எண்ணெய் தெளிவாக இருக்கிறது. ரேடியேட்டர் மூடி திறந்த நிலையில் எஞ்சினை ஓடவிட்டபோது தொடக்கத்தில் இரண்டு மூன்று குமிழிகள் வந்து நின்றுவிட்டன. நீலத் திரவச் சோதனையை இருமுறை செய்தேன். இருமுறையும் நீலமாகவே இருந்தது. விசிறிச் சுவிட்சின் ஒயரைக் கழற்றியதும் விசிறி உடனே முழு வேகத்தில் சுழன்றது. ஒயரை மீண்டும் மாட்டி, எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு முள் முக்காலை நெருங்கும் வரை காத்திருந்தேன், விசிறி அசையவே இல்லை. ஆக, சுவிட்சு சூட்டில் திறக்க மறுக்கிறது.

தெர்மோஸ்டாட்டின் இருப்பிடத்தைத் திறந்தால் உள்ளே எதுவுமே இல்லை, அக்கா ஐயப்பட்டது சரியாக இருந்தது. வடித்த தண்ணீர் காப்பி நிறத்தில் வந்தது. தெளிவாக வரும்வரை ஆறு முறை நிரப்பி வடித்தேன். புதிய சுவிட்சு, மூடி, 82 பாகை தெர்மோஸ்டாட், அதன் காஸ்கெட், ஐந்து லிட்டர் கூலன்ட், சோதனைத் திரவம் என எல்லாம் சேர்த்து 1,150 ரேண்டு ஆயிற்று. நேற்று மாலை வேண்டுமென்றே நெரிசல் நேரத்தில் இசிப்பிங்கோ போய் வந்தேன். முள் நடுவைச் சற்றே தாண்டும்போது விசிறி ஓடத் தொடங்கி, இரண்டு நிமிடங்களில் நின்றது. முள் அதற்கு மேல் ஏறவில்லை.

இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. அகச்சிவப்பு வெப்பமானியால் ரேடியேட்டரின் முகப்பை அளந்தபோது கீழ்ப்பகுதியின் ஒரு மூலை மற்ற இடங்களைவிட 20 பாகைக்கு மேல் குளிர்ந்திருந்தது. அதை இப்போதே மாற்ற வேண்டுமா? வண்டி இன்னும் மாமாவின் பெயரில்தான் இருக்கிறது. என் பெயருக்கு மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?


டோங்காட்_பழைய_பட்டறை எழுதியது:

நன்று, தம்பி. குளிர்ந்த மூலை என்றால் அங்குள்ள குழாய்களில் சேறு அடைத்துத் தண்ணீர் ஓடவில்லை. ஊருக்குள் ஓட்டுவதற்கு இப்போதைக்கு மீதியுள்ள பரப்பு போதும். கோடையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் மேடேறும் எண்ணமிருந்தால் அதற்கு முன் மாற்றிவிடுங்கள். அடைப்பு நீக்கும் கடுமையான அமிலங்களை ஊற்றாதீர்கள், பழைய ரேடியேட்டரில் அடைப்போடு ஓட்டையும் திறந்துகொள்ளும். இன்னொன்று: டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு மாமாவின் காகிதங்களில் ரசீது இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பெல்ட் அது, ரப்பருக்கு வயதும் ஒரு கணக்கு.

பெயர் மாற்றத்துக்கு வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று காட்டும் ரோட்வொர்தி சான்றிதழ் வேண்டும், எடுத்த நாளிலிருந்து 60 நாட்களே செல்லும். ஆகவே மாமி, மாமாவின் சொத்துக்குரிய காகிதங்களை வாங்கி வைத்த பிறகு சோதனைக்குப் போங்கள், இல்லையென்றால் கட்டணத்தை இருமுறை கட்ட நேரிடும். சோதனையில் பிரேக், கைப்பிரேக், விளக்குகள், முன்கண்ணாடி விரிசல், ஸ்டியரிங் மூட்டுகள், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். டயரின் பள்ளம் எந்த இடத்திலும் 1 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. வண்டியை உயர்த்தி அடியில் பார்க்கும்போது ஜாக்கை நம்பிப் படுக்காதீர்கள். இரண்டு ஆக்ஸில் ஸ்டாண்டுகளை வாங்கி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே அடியில் போங்கள். வால்வ் கவர் காஸ்கெட்டில் கசிவு இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள், அதை மாற்றுவது உங்களுக்கு ஒரு மணிநேர வேலைதான்.